டிரம்முக்குள் எஞ்சின்

“ரெண்டே வார்த்தைடா. ‘எடுத்தேன், மன்னிச்சிடுங்க.’ அம்புட்டுதான். நல்ல புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கேஸ் குளோஸ்!”

கடலூர் இளைஞர் நீதிக் குழுமத்தின் வராந்தாவில், செந்தமிழ்செல்வன் தன் அக்காள் மகனின் காதில் ஓதிக்கொண்டிருந்தான். கடலூர் ஓல்டு டவுனில் ஃபிளெக்ஸ் பேனர் கடை நடத்துபவன். எந்தச் சிக்கலுக்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பவன்.

அருண்பாண்டியன் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பதினேழு வயது. பிளஸ் டூ.

“எடுக்காததை எடுத்தேன்னு எதுக்குடா சொல்லணும்?” என்றாள் தனக்கோடி.

“அக்கா, நான் விசாரிச்சுட்டுத்தான் சொல்றேன். பதினெட்டுக்குக் கீழ இருக்கான். இங்க ஒத்துக்கினா அது பின்னால வேலைக்கோ படிப்புக்கோ குறுக்க வராது. சட்டமே அப்படித்தான் இருக்கு.”

“வெளியில வராது. கண்ணை மூடிப் படுத்தா நெஞ்சுக்குள்ள வருமே, அதுக்கு இன்னா சட்டம் வச்சிருக்கான்?”

“பெருமையப் பாரு! மீன்கூடை சொமக்கற தலையில கிரீடமா வச்சிருக்கு?”

“ஆமாண்டா. சும்மாட்டுக்குப் பதிலா அதைத்தான் வச்சிக்கினு கூடை தூக்கறேன். போ, போய் டீ குடி.”

செல்வன் போகவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

விஷயம் இதுதான். தேவனாம்பட்டினத்தில் பூவராகனின் ஃபைபர் படகிலிருந்து எஞ்சின் காணாமல் போனது. வாங்கி வருஷம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கரைக்கு வந்த பூவராகன், படகின் பின்பக்கம் மொட்டையாக இருப்பதைப் பார்த்து அடித்துக்கொண்டு அலறியதை ஊரே கேட்டது. மறுநாள் போலீஸ் வந்து தேடியது. எஞ்சின் கிடைத்த இடம், தனக்கோடி வீட்டுக் கொல்லைப்புறத்துத் தண்ணீர் டிரம். அருண்பாண்டியன் லீவு நாட்களில் பூவராகனின் படகில்தான் வலைக்குப் போவான். கேட்கவேண்டுமா? ஊர் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டது.

தனக்கோடி மகனிடம் ஒரே ஒரு முறை கேட்டாள். “எடுத்தியா?”

“இல்லம்மா.”

“அப்புறம் எப்படிடா நம்ம டிரம்முல வந்துச்சு?”

மிரட்டினாள், கெஞ்சினாள், சோறு போட மாட்டேன் என்றாள். ஊஹும். முதல் பதிலை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு, இரண்டாவது கேள்வியை அத்தோடு விட்டுவிட்டாள்.

அவளுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் புருஷன் சாகும்வரை கட்டுமரத்தில் போனவன். அந்த வீட்டு வாசலுக்கு எஞ்சின் என்று ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை. வந்த லட்சணம் இது.

“அம்மா, கூப்பிடறாங்க.”

சொன்னவன் கட்டம் போட்ட சட்டைக்காரன். யாரோ குமாஸ்தா என்று நினைத்த தனக்கோடி, உற்றுப் பார்த்த பிறகுதான் திடுக்கிட்டாள். ஏட்டு சார்லஸ்! வீட்டுக்குள் புகுந்து டிரம்மைக் கவிழ்த்தவர்.

“டிரெஸ் இல்லாம அடையாளமே தெரியலையே சார்!”

“யூனிஃபார்ம் இல்லாமன்னு சொல்லும்மா,” என்றார் சார்லஸ் அவசரமாக, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு. “பசங்க கேஸுக்குக் காக்கியில வரக்கூடாது. ரூல்.”

உள்ளே கூண்டு இல்லை. மேடை இல்லை. கறுப்பு அங்கி இல்லை. ஒரு நீள மேஜை. அதன் ஒரு பக்கம் மாஜிஸ்திரேட் மேடம், அவருக்கு இருபுறமும் குழுமத்தின் உறுப்பினர்கள் இருவர். மேஜைக்கு இந்தப் பக்கம் பையனுக்கும் தாய்க்கும் நாற்காலி. முதல் தடவை வந்தபோது மகன் கையில் விலங்கு இருக்கும் என்று நினைத்து வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தவள் அவள். அன்றைக்கு மேடம் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, ‘சாப்பிட்டியா?’ என்பது. அன்றே தாயின் பொறுப்பில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் ஒரு நாளும் நிற்கவில்லை.

“அருண்,” என்றார் மேடம். “உன் மேல என்ன புகார்னு உனக்குத் தெரியும். எஞ்சினை நீ எடுத்தியா?”

செல்வன் கதவிடுக்கில் நின்று இரண்டு விரலைக் காட்டினான். ரெண்டே வார்த்தை.

தனக்கோடி முந்தானை நுனியை இறுக்கிப் பிடித்தாள். ஒத்துக்கொண்டால் இன்றோடு முடியும். இல்லையென்றால் விசாரணை, சாட்சி, மறுபடி பஸ், மறுபடி ஊர்ப்பேச்சு. பிள்ளை எந்தப் பக்கம் சாயப்போகிறான்?

“எடுக்கல மேடம்.”

தனக்கோடியின் முதுகு தானாக நிமிர்ந்தது.

“அப்ப உங்க வீட்டுல எப்படி இருந்துச்சு?”

அருண் குனிந்து சட்டைப் பொத்தானைத் திருகினான்.

“சரி, புகார் கொடுத்தவரைக் கூப்பிடுங்க.”

பூவராகன் உள்ளே வந்தார். ஆறடி உடம்பு, காற்றுக்கு எதிரே கத்திக் கத்திப் பழகிய குரல். “மேடம், இவனை எம்புள்ள மாதிரி வச்சிருந்தேன். எம் படகுலதான் தொழில் கத்துக்கினான். எங்கிட்டயே கைய வச்சிட்டான். இவன் ஆத்தா மூஞ்சியப் பாக்கவே எனக்கு வெக்கமா இருக்கு.”

“எனக்கு வெக்கமா இல்லண்ணே, தாராளமா பாருங்க,” என்றாள் தனக்கோடி.

“அமைதியா இருங்கம்மா,” என்றார் மேடம். ஆனால் முகத்தில் கோபம் இல்லை.

மேஜையின் ஓரத்தில் இருந்த பவானி கையை உயர்த்தினாள். நன்னடத்தை அலுவலர். பையனின் வீடு, பள்ளி, சகவாசம் எல்லாவற்றையும் நேரில் பார்த்து வந்தவள்.

“மேடம், ஒரு சந்தேகம். எனக்குச் சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி. முந்திரித் தோப்புதான் தெரியும், கடலும் தெரியாது, எஞ்சினும் தெரியாது. இவங்க வீட்டுக்குப் போனதுலேருந்து ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருக்கு. ஒளிச்சு வைக்கறவங்க எதுக்குத் தண்ணிக்குள்ள போடணும்? பாழாயிடாதா?”

“மறைக்கத்தான்,” என்றார் சார்லஸ். “மேல கோணியும் போட்டு மூடியிருந்தான்.”

பூவராகன் சடாரென்று திரும்பினார். “தண்ணிக்குள்ளயா?”

“ஆமா. டிரம்முல முழுசா முங்கியிருந்துச்சு. உங்களுக்குத் தெரியாதா?”

“டிரம்முல இருந்துச்சுன்னுதான் சொன்னாங்க. காலி டிரம்முனு நெனச்சேன்.” அவர் குரல் இறங்கியது. “என்ன தண்ணி?”

“தண்ணின்னா தண்ணிதான்.”

“நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா சார்?”

அறையில் யாருக்கும் அந்தக் கேள்வி புரியவில்லை. தனக்கோடிதான் பதில் சொன்னாள். “குடிக்கிற தண்ணிண்ணே. லாரியில சண்டை போட்டுப் புடிச்சி வச்சது. அந்தத் தண்ணியப் பூரா பாழாக்கிட்டான். அக்கம்பக்கத்துல குடம் கேட்டு அலைஞ்சேன்.”

பூவராகன் காலியாக இருந்த நாற்காலியில் கேட்காமலே உட்கார்ந்தார்.

“சொல்லுங்க,” என்றார் மேடம்.

“எஞ்சின் கடல்ல வுழுந்துட்டா மேடம், எடுத்ததும் அப்படியே காத்துல வச்சிடக் கூடாது. உள்ள போன உப்பு அரிக்க ஆரம்பிச்சிடும். மெக்கானிக் வந்து பிரிக்கறவரைக்கும் நல்ல தண்ணியில முங்க வச்சிருக்கணும். வெயில் படாம மூடணும். எங்க ஆளுங்க எல்லாரும் செய்றதுதான்.” அருண் பக்கம் கையை நீட்டினார். “திருடறவன் துணியில சுத்தி வண்டியில ஏத்துவான். இவன் குடிக்கிற தண்ணியக் குடுத்து வச்சிருக்கான். எம் எஞ்சின் முகத்துவாரத்துல வுழுந்திருக்கு. இவன் முக்குளிச்சி எடுத்திருக்கான்.”

சார்லஸ் மெல்லக் கேட்டார். “அப்ப நாங்க வெளியில எடுத்து, வெயில்ல நல்லா காய வச்சது…”

பூவராகன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். “அதான் ஸ்டேஷன்ல பாத்தப்ப அப்படித் துரு ஏறி இருந்துச்சா! எஞ்சினைக் கொன்னுட்டீங்களே சார்!”

மேடம் பையன் பக்கம் திரும்பினார். “அவர் சொல்றது சரியா அருண்?”

“ஆமா மேடம்.”

“இதை ஏன் முன்னாலயே சொல்லல?”

“இதைச் சொன்னா, யாரு வுழ வச்சதுன்னு கேப்பீங்க.”

“கேக்கறேன். யாரு?”

“அது மட்டும் வேணாம் மேடம். சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன். எடுத்தது நான்தான்னு வேணாலும் எழுதிக்கோங்க.”

“எழுதாதீங்க!” தனக்கோடி எழுந்தே விட்டாள்.

“உக்காருங்கம்மா. நடக்காததை எழுதற எடம் இது இல்ல,” என்றார் மேடம். பிறகு பூவராகனைப் பார்த்தார். “உங்க படகை உங்களுக்குத் தெரியாம வேற யாரு எடுக்க முடியும்?”

பூவராகன் மனசுக்குள் நாட்களை எண்ணினார். எஞ்சின் போன அந்த வாரம் அவர் மகன் அறிவழகன் சிதம்பரத்திலிருந்து காலேஜ் சிநேகிதர்களோடு வந்திருந்தான். ஞாயிறு இருக்கச் சொன்னதற்கு, பரீட்சை என்று சனிக்கிழமை சாயங்காலமே பஸ் ஏறிவிட்டான். கண்ணெதிரே கிடந்த கணக்கு. இவ்வளவு நாள் பார்க்கவில்லை.

“எனக்கு வாய்தா குடுங்க மேடம்,” என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக ஒலித்து யாரும் கேட்டதில்லை.

வெளியே வந்ததும் தனக்கோடியை ஓரமாகக் கூப்பிட்டார். “தங்கச்சி, ஊருக்குள்ள பேசி முடிச்சிக்கலாம். புகாரை வாபஸ் வாங்கிடறேன். விஷயம் நம்மளோட போவட்டும்.”

செல்வனின் முகம் பிரகாசமானது. “அக்கா! இதைவிட இன்னா வேணும்?”

“புகாரை எங்கண்ணே குடுத்தீங்க? ஊருக்குள்ளயா? எம்புள்ள திருடன்னு காகிதத்துல ஏத்தியாச்சு. வாபஸ் வாங்கினா, பாவம்னு வுட்டாங்கன்னுதான் பேரு வரும். எந்த மேஜையில சொன்னீங்களோ, அந்த மேஜையில உங்க புள்ள வந்து சொல்லட்டும்.”

“எம் புள்ளதான்னு நான் சொன்னேனா?”

“உங்க மூஞ்சி சொல்லுச்சு.”

பூவராகன் பைக் சாவியை எடுத்தார். “சிதம்பரம் போறேன்.”

“நானும் வரேன். நீங்க புள்ளைய அடிச்சிப்புடுவீங்க. அடிச்சிக் கூட்டிக்கினு வந்த சாட்சி எனக்கு வேணாம்.”

சிதம்பரம் கீழவீதியில், டீக்கடை வாசலில், கையில் போண்டாவோடு சிரித்துக்கொண்டிருந்தான் அறிவழகன். பைக்கிலிருந்து அப்பாவும் அவருக்குப் பின்னால் தனக்கோடியும் இறங்குவதைப் பார்த்ததும், போண்டா கையிலேயே நசுங்கியது.

“அவன்… சொல்லிட்டானாப்பா?”

“சொல்லியிருந்தா போலீஸ் வந்திருக்கும்டா. சொல்லல. அதான் நான் வந்திருக்கேன்.”

அறிவழகன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். சிநேகிதர்களுக்குப் படகை ஓட்டிக் காட்ட ஆசைப்பட்டிருக்கிறான். எஞ்சினை இறுக்கிக் கட்டவில்லை. முகத்துவாரத்து அலையில் எஞ்சின் கழன்று விழுந்துவிட்டது. கரையில் நின்ற அருண்தான் கயிற்றோடு குதித்து, முங்கி முங்கி இழுத்து வந்திருக்கிறான். திங்கட்கிழமை மெக்கானிக்கோடு வருகிறேன், அதுவரை யாரிடமும் சொல்லாதே என்று கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டு ஓடிவந்தவன், புகார், போலீஸ் என்று காதில் விழுந்ததும் ஊர்ப்பக்கமே திரும்பவில்லை.

பூவராகனின் கை உயர்ந்தது. தனக்கோடி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“தம்பி, எங்கிட்ட சொன்னதை அங்க வந்து சொல்லுவியா?”

“சொல்றேன் அத்தை.”

சொன்னான். அடுத்த வாய்தாவில், அதே நீள மேஜைக்கு முன்னால் நின்று, ஒன்று விடாமல் சொன்னான். பூவராகனும் பக்கத்தில் நின்று, “என் புகார் தப்பு மேடம். இந்தப் புள்ள எம் பொருளைக் காப்பாத்தினவன்,” என்று, கடலில் கத்துகிற அதே குரலில் சொன்னார். வராந்தாவில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். செல்வனுக்கு நிச்சயம் கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தூசி என்றான்.

அருண்பாண்டியன் அறிவழகன் பக்கம் திரும்பினான். “டேய், மெக்கானிக் எங்கடா?”

பவானிதான் முதலில் சிரித்தாள்.

மேடம் உறுப்பினர்களோடு தணிந்த குரலில் பேசினார். எழுதினார். கையெழுத்திட்டார்கள். “அருண், விசாரணை முடிஞ்சுது. நீ எந்தத் தப்பும் செய்யல. போய் நல்லா படி. இந்தக் கேஸ் காகிதங்க எதுவும் உன் பின்னால வராது. சட்டப்படி எல்லாத்தையும் அழிச்சிடுவோம்.”

“அழிக்காதீங்க மேடம்,” என்றாள் தனக்கோடி.

மேடம் பேனாவை மூடாமல் நிமிர்ந்து பார்த்தார்.

“அதுல எம்புள்ள ‘எடுக்கல’ன்னு சொன்னது இருக்கு. ஒத்துக்கினா வீட்டுக்குப் போலாம்னு தெரிஞ்சும் சொன்னான். கூட்டாளியக் காட்டிக் குடுக்க மாட்டேன்னு சொன்னதும் இருக்கு. அதை எதுக்கு அழிக்கணும்? நல்லா கண்ணாடி போட்டு மாட்டி வைங்க.”

“நல்லதை வச்சுக்கிட்டுக் கெட்டதை மட்டும் அழின்னு சட்டத்துல இல்லம்மா. ஒரு புள்ள இங்க வந்துட்டுப் போன சுவடே இருக்கக் கூடாது. பேரைக்கூட வெளியில போடக் கூடாது.”

“அது பேப்பர்காரனுக்கு மேடம். பெத்தவளுக்குமா?”

மேடம் இடப்பக்கத்து உறுப்பினரைப் பார்த்தார். அவர் வலப்பக்கத்தவரைப் பார்த்தார்.

“பெத்தவ வாயை மூடறதுக்கு எங்ககிட்ட அதிகாரம் இல்ல,” என்றார் மேடம், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

தேவனாம்பட்டினம் பஸ் புறப்படக்கூட இல்லை. தனக்கோடி முன்சீட்டுக்காரியின் தோளைத் தட்டினாள். “ஏம்மா, எஞ்சின் கடல்ல வுழுந்துட்டா இன்னா செய்யணும், தெரியுமா உனக்கு?”

“யம்மா… சும்மா வாம்மா,” என்று பல்லைக் கடித்தான் அருண்.

“உனக்குக் கூச்சமா இருந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கோடா,” என்றுவிட்டு, தனக்கோடி கதையை ஆரம்பித்தாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரும் அங்கேயே நின்றுவிட்டார்.