சோம்பேறிக் கண்

குழந்தை மருத்துவரின் கிளினிக்கில் அந்தச் சிறுமியின் பெயருக்கு எதிரே இரண்டு தொலைபேசி எண்கள் இருந்தன. ஒன்று அம்மாவுடையது, மற்றது அப்பாவுடையது. யாரை முதலில் அழைப்பது என்பதுதான் சிக்கல். அம்மாவை அழைத்தால் அப்பா, "ஏன், நான் என்ன பக்கத்து வீட்டுக்காரனா?" என்பார். அப்பாவை அழைத்தால் அம்மா, "பெத்தது நானா, அந்த ஆளா?" என்பாள். ரிசப்ஷனில் இருந்த பெண் ஒருமுறை அங்கே, மறுமுறை இங்கே என்று மாற்றி மாற்றி அழைத்தாள். அவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லியிருந்தாள்.

பெற்றோர் பிரிந்து ஓராண்டு ஆகியிருந்தது. சிறுமி ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. பேச வேண்டியதைக் கிளினிக் வழியாகப் பேசினார்கள்.

"இருமல் மருந்து குடுத்தாளா இல்லையான்னு கேட்டுச் சொல்லுங்க."

"நகம் வெட்டாம அனுப்பியிருக்காரு. சொல்லி வைங்க."

நகம் வெட்டுவதெல்லாம் தன்னிடம் வராது என்றார் டாக்டர்.

"உள்ள அழுக்கு போனா வயித்துவலி வரும். அப்ப உங்ககிட்டதானே வரணும்?" என்றாள் அம்மா.

பள்ளியில் கண் பரிசோதித்தவர்கள், சிறுமியின் இடது கண்ணில் பார்வை குறைவு என்று எழுதி அனுப்பினார்கள். அந்த வாரம் அம்மாவின் வாரம். அவள் அழைத்துவந்தாள். டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

"கண்ணுல நோய் ஒண்ணும் இல்ல. வலது கண்ணே எல்லாத்தையும் பாத்துடுது, இடது கண்ணு சும்மா இருந்து பழகிடுச்சு. தினம் ரெண்டு மணி நேரம் நல்ல கண்ண பேட்ச் ஒட்டி மூடிடுங்க. அப்ப இது பாத்துத்தான் ஆகணும். ஆறு வயசு முடியப்போகுது. இப்ப விட்டா அப்புறம் கஷ்டம், பார்வை திரும்பாமலே போயிடலாம். சோம்பேறிக் கண்ணுன்னு சொல்லுவோம்."

"தெரியும் டாக்டர். அவங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான்."

அப்பாவுக்குத் தொலைபேசியில் சொல்வது ரிசப்ஷன் பெண்ணின் வேலை.

"சார், பாப்பாவுக்கு இடது கண்ணுல பார்வை கம்மியா இருக்கு. தினம் ரெண்டு மணி நேரம் பேட்ச் ஒட்டணும். அது எப்படின்னா..."

"பேட்ச் ஒட்டத் தெரியாதா எனக்கு? அவ ஒட்டுறாளா?"

"ஒட்டுறாங்க சார்."

"ரெண்டு மணி நேரமா?"

"ஆமா சார்."

"நான் மூணு மணி நேரம் ஒட்டுறேன். டாக்டர்கிட்ட சொல்லிடுங்க."

வைத்துவிட்டார். அடுத்த தொலைபேசி அடித்தது. அது வேறு ஒரு குழந்தையின் பேதி.

மறுவாரம் அம்மா கேட்டாள். "அந்த ஆளு எவ்ளோ நேரம் ஒட்டுறாராம்?" ரிசப்ஷன் பெண் உண்மையைச் சொன்னாள். அம்மா நான்கு மணி நேரமாக்கினாள். அது எப்படியோ அப்பாவுக்குத் தெரிந்து, அவர் ஐந்தாக்கினார். இரண்டு மணி நேரம் போதும் என்று டாக்டரே இருவரையும் அழைத்துச் சொன்னார்.

"முதல்ல அங்க நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

"அவ நிறுத்தினா நான் நிறுத்துறேன்" என்றார் அப்பா.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. இரண்டு பேரும் ஒன்றாக வந்தால்தான் பார்ப்பேன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வந்தார்கள். அம்மா மேசையருகே உட்கார்ந்தாள். அப்பா எடை பார்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார். இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. அது அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது.

டாக்டர் சிறுமியின் வலது கண்ணை மூடி, சுவரில் இருந்த அட்டையைக் காட்டினார். பூ, பந்து, வீடு என்று வரிசைவரிசையாகப் படங்கள். சிறுமி முதல் வரிசையோடு நின்றாள். மூன்று மாதத்துக்கு முன்பும் அங்கேதான் நின்றாள்.

"ஒண்ணும் மாறல" என்றார் டாக்டர். "ஒழுங்கா ஒட்டுனீங்களா?"

"நான் ஒட்டுனேன். அவரக் கேளுங்க."

"நான் ஒரு நாள் விடல. அவளக் கேளுங்க."

"பொய் சொல்றாருன்னு சொல்லுங்க டாக்டர்."

"போட்டோ இருக்குன்னு சொல்லுங்க."

"என்கிட்டயும் இருக்கு."

இருவரும் கைபேசியை நீட்டினார்கள். பிற்பாடு வக்கீலுக்கு உதவும் என்று இருவருமே தினமும் எடுத்துவைத்திருந்தார்கள். டாக்டர் இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சிறுமி சோபாவில் பேட்சோடு. சிறுமி சாப்பாட்டு மேசையில் பேட்சோடு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"சார், இது இடது கண்ணு."

"ஆமா. அதுலதானே குறை? முடியாத கண்ணுக்கு ஓய்வு குடுக்க வேணாமா?"

"மூட வேண்டியது வலது கண்ண. நல்லா இருக்கற கண்ண."

அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மகளின் கண் நினைவுக்கு வந்ததும் அதை அவசரமாக அணைத்தாள்.

"அவங்க ஒரு வாரம் எழுப்பி விட்டத நீங்க மறுவாரம் தூங்க வச்சிருக்கீங்க" என்றார் டாக்டர். "அதுவும் ஒரு மணி நேரம் கூடுதலா. முழுசா சொல்லாதது எங்க தப்பு."

வாசலில் நின்ற ரிசப்ஷன் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் சிறுமியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ரெண்டு வீட்லயும் வேற வேற கண்ண மூடுறாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே?"

"அங்க நடக்கறத இங்க சொல்லக் கூடாது. இங்க நடக்கறத அங்க சொல்லக் கூடாது."

"யாரு சொன்னா?"

சிறுமி இருவரையும் பார்த்தாள். யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அப்பா எடை இயந்திரத்தின் முள்ளைப் படித்தார். அதன்மேல் யாரும் நிற்கவில்லை.

"இல்ல டாக்டர்" என்றாள் சிறுமி, அவர்களுக்காகப் பரிந்து பேசுவதுபோல. "எனக்கு எல்லாமே ரெண்டு இருக்குல்ல? அம்மா வீட்டுக் கட்டிலு, அப்பா வீட்டுக் கட்டிலு. செருப்பு, பிரஷ்ஷு எல்லாமே. இது அம்மா வீட்டுக் கண்ணு, இது அப்பா வீட்டுக் கண்ணுன்னு நெனச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"இன்னும் நேரம் இருக்கா டாக்டர்?" என்று கேட்டார் அப்பா. அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"கொஞ்சம் இருக்கு. இனிமே ஒரு வாரம்கூட வீணாக்க முடியாது. ரெண்டு வீட்லயும் வலது கண்ணுதான். ரெண்டு மணி நேரந்தான்."

"எனக்குத் தனியா எழுதிக் குடுத்துடுங்க."

"குடுக்க மாட்டேன். அவங்க இங்கயே ஒட்டட்டும். நீங்க பக்கத்துல வந்து பாருங்க."

அப்பா வந்தார். காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா பேட்சின் தாளை உரித்தாள். வலது கண்மேல் வைத்து அழுத்தினாள்.

"மூக்குப் பக்கம் ஓரம் ஒட்டல" என்றார் அப்பா. "அந்தச் சந்து வழியா நல்ல கண்ணாலயே பாத்துடுவா."

பிரிந்த பிறகு அவளிடம் அவர் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அது. அம்மா மறுபடி அழுத்தினாள். அழுத்தியபடியே டாக்டரைப் பார்த்தாள்.

"எனக்கும் கண்ணு இருக்குன்னு அவர்கிட்ட சொல்லுங்க டாக்டர்."

"நீங்களே சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அவள் ஓரத்தை இன்னொரு முறை பார்த்தாள். ஒட்டியிருக்கவில்லை. புதிதாக ஒரு பேட்சை எடுத்து, தாளை உரிக்காமல், அப்பா பக்கம் நீட்டினாள்.