முஞேக்கா என்றால் மணிக்கட்டு

விடுதித் துணிகளை வெளுக்கும் அந்தக் கூடத்தில் சேர்ந்த இரண்டாம் மாதமே அவளுக்கு வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஈரப் போர்வைகளை உதறி உதறி வந்த வினை. மருத்துவமனை நர்ஸ் கட்டுப் போட்டுவிட்டு, வீங்கிய இடத்தைத் தொட்டு, "முஞேக்கா" என்றாள். ஸ்பானிஷில் அவள் கற்றுக்கொண்ட எட்டாவதோ ஒன்பதாவதோ வார்த்தை அது. வீடு வரும்வரை வழியெல்லாம் முணுமுணுத்து மனப்பாடம் செய்தாள்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் அவள் மேசையைக் கடக்கும்போது, "ஓலா, முஞேக்கா" என்று வணக்கம் சொன்னார். அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது. யாரும் ஏறெடுத்துப் பார்க்காத இடத்தில் இந்த மனுஷர் கை எப்படி இருக்கிறதென்று விசாரிக்கிறாரே. கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, தெரிந்த ஸ்பானிஷில், "பரவாயில்லை, நன்றி" என்றாள். இஸ்திரி இயந்திரத்தருகே நின்ற ஆண்கள் சிரித்தார்கள். தன் உச்சரிப்புதான் கோணலோ என்று அவளும் சேர்ந்து சிரித்தாள்.

மூன்று மாதம் இப்படியே போனது. கட்டு அவிழ்த்த பிறகும் அவர் கேட்டார். அவள் கையைத் தூக்கினாள். "எங்க சூப்பர்வைசர் தங்கமானவருங்க" என்று கணவனிடம்கூடச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பொம்மை வாங்கக் கடைக்குப் போனாள். பொம்மை அடுக்கின் மேல் பெரிய எழுத்தில் அதே வார்த்தை. மணிக்கட்டுக்கு இங்கே என்ன வேலை?

திங்கட்கிழமை அடுத்த மேசை அக்காவிடம் கேட்டாள். அக்காவும் தமிழ்தான், இங்கே வந்து பத்து வருஷம் ஆகிறது. ஸ்பானிஷ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"ரெண்டுக்கும் அதே வார்த்தைதான்" என்றாள் அக்கா, மடிப்பதை நிறுத்தாமல். "கைய விசாரிக்கிறதுன்னா முன்னாடி ஒரு 'லா' போட்டு, லா முஞேக்கா எப்படி இருக்குன்னு கேப்பாங்க. 'லா' இல்லாம, மூஞ்சியப் பாத்துக் கூப்பிட்டா பொம்மைன்னு அர்த்தம். அப்பா மகளக் கொஞ்சுவாரு. புருஷன் பொண்டாட்டியக் கொஞ்சுவான்."

"சூப்பர்வைசர்?"

அக்கா அடுத்த போர்வையை எடுத்து உதறினாள்.

"மூணு மாசமா அவன் என்னைப் பொம்மைன்னு கூப்பிட்டிருக்கான். நானும் கையை ஆட்டி நன்றி சொல்லியிருக்கேன். உனக்குத் தெரியும், இல்லக்கா?"

"பொழைக்க வந்த எடத்துல எதுக்கு வம்புன்னுதான்..."

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்ல உனக்கு வாய் வலிச்சுதா?"

 அன்று முழுக்கத் துணியை மடித்தாளா கிழித்தாளா என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் அவன் வந்தான். "ஓலா, முஞேக்கா."

அவள் மேசையை விட்டு வெளியே வந்து அவன் எதிரே நின்றாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி, "எஸ்தோ எஸ் லா முஞேக்கா. யோ நோ" என்றாள். இதுதான் முஞேக்கா, நான் இல்லை.

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அவன் முகம் கறுத்தது.

மதியமே அவளை ஈரத்துணி வண்டி தள்ளும் வேலைக்கு மாற்றினான். கை வலி தெரிந்தேதான் செய்தான். சாயங்காலம் பழையபடி வீங்கிய கையோடு அவள் மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள். தெரிந்த அரைகுறை வார்த்தைகளோடு திணறிக்கொண்டிருந்தபோது பின்னால் கதவு திறந்தது. அக்கா.

"நான் சொல்றேன்" என்று அவள் பக்கத்தில் வந்து நின்றாள் அக்கா. மூன்று மாதத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னாள், தான் தெரிந்தும் சும்மா இருந்ததையும் சேர்த்து.

மேனேஜர் ஏதோ சொன்னார். "அது பாசமான வார்த்தைதானேங்கிறாரு" என்றாள் அக்கா.

"அவரு பொண்ண இங்க வேலைக்கு வரச் சொல்லு. அவன் தினமும் அப்படிக் கூப்பிடட்டும், நாலு பேரு நின்னு சிரிக்கட்டும்."

அக்கா ஒரு நொடி அவளைப் பார்த்தாள். பிறகு கூட்டாமல் குறைக்காமல் அப்படியே ஸ்பானிஷில் சொன்னாள். மேனேஜர் ஒரு காகிதத்தை இழுத்து எழுதத் தொடங்கினார்.

அடுத்த வாரம் அவனைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அவள் தன் மேசைக்குத் திரும்பினாள். அக்காவோடு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாவது நாள் டீ வேளையில் தானாகவே போய் எதிரே உட்கார்ந்தாள்.

"தினமும் எனக்குப் பத்து வார்த்தை சொல்லிக்குடு" என்றாள். "திட்டுற வார்த்தையில இருந்து ஆரம்பி."