எனக்கும் இல்லகா

காலை பத்து இருபதுக்கு இரத்தப் பரிசோதனை முடிவைத் தந்தார்கள். இரண்டு உறைகள். மட்டக்களப்பு நகரில், ஆய்வுகூடத்தின் மதிலோரம் றுமானாவும் யசோதினியும் முதுகோடு முதுகு சேர நின்று பிரித்தார்கள். ஒருத்தியின் முகத்தை மற்றவள் முதலில் பார்த்துவிடக் கூடாது என்று முன்பே பேசியிருந்தார்கள்.

பன்னிரண்டு நாட்களுக்கு முன் கொழும்பில் ஒரே காலையில் இருவருக்கும் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய கருவை வயிற்றில் வைத்திருந்தார்கள். பழக்கமானது அந்தக் கிளினிக்கின் வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான். றுமானாவுக்குக் காத்தான்குடி, யசோதினிக்குப் பழுகாமம். அங்கே பெண்கள் பெயர் கேட்பதற்கு முன் எத்தனையாவது தடவை என்றுதான் கேட்பார்கள். இருவருக்கும் மூன்றாவது. "நம்மட வயித்தில தண்ணி ஊத்தினா பூவாளி மாதிரிப் பாயும்கா" என்று யசோதினி ஊசி போட்ட இடங்களைக் காட்டினாள். றுமானா சிரித்த சிரிப்பில் தாதி வந்து அதட்டினாள்.

"இல்ல" என்றது முதுகுக்குப் பின்னால் யசோதினியின் குரல். "உனக்குகா?"

எண் ஐந்துக்குக் கீழே என்றால் கரு தங்கவில்லை. றுமானாவின் தாளில் இருநூற்றுப் பதினான்கு என்று இருந்தது. யசோதினியின் முதுகு நடுங்குவது அவள் முதுகில் தெரிந்தது.

"எனக்கும் இல்லகா."

யசோதினி திரும்பி அவளைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று றுமானா நினைத்தாள். மறுநாள் யசோதினி வயல் வட்டையிலிருந்து அழைத்தாள். புருசனுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகும் சாட்டில் வரம்பில் உட்கார்ந்துதான் அவளால் அழ முடியும். வீட்டுக்கு அடுத்த வளவு தங்கச்சியுடையது. அங்கே மூன்று பிள்ளைகள்.

"வீட்டில அழுதா, தங்கச்சிட பிள்ளையளுக்கு என்ர கண் படுமெண்டு அம்மா பயப்பிடுறா. நீயும் பிள்ளை கிடைச்சுப் போயிருந்தா நான் ஆரிட்டக்கா சொல்றது?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அழைத்தாள். றுமானா கேட்டுக்கொண்டிருந்தாள். சில நாட்களில் சேர்ந்தும் அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. ஒருமுறை பேச்சின் நடுவே வாந்தி வந்தது. வயிறு சரியில்லை என்றாள். யசோதினி ஓமத்தண்ணீர் குடிக்கச் சொன்னாள். மாலையில் மறுபடி அழைத்து, குடித்தாயா என்று கேட்டாள்.

றுமானாவுக்கு நான்காம் மாதம் தொடங்கியது. அபாயா எதையும் காட்டவில்லை. ஆனால் காத்தான்குடியில் சொந்தக்காரர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவள் கணவன் முனாப்பின் துணிக்கடைக்குப் பழுகாமத்துப் பெண்களும் வருவார்கள்.

"வேற ஆரும் சொல்லி அந்தப் புள்ள கேள்விப்பட்டா என்ன செய்வாய்?" என்றான் முனாப். "இண்டைக்குச் சொல்லிடு."

"எப்பிடிச் சொல்ற? நீங்க சொல்லுங்களன்."

முனாப் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். வழக்கமான நேரத்துக்குத் தொலைபேசி அடித்தது. றுமானா எடுத்தாள்.

"யசோ, உன்னட்ட ஒண்டு…"

மறுபக்கம் காற்று இரைந்தது. றுமானா பேசியது யசோதினிக்குக் கேட்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த உறையைப் பிரித்த பிறகு முதல் தடவை.

"இவர் ஓமெண்டிட்டார்கா! கடைசியா ஒருக்காப் பாப்பமாம். வாற திங்கள் டொக்டருக்கு ரெண்டு பேருக்கும் நம்பர் எடுத்திட்டன். உனக்குப் பதினொண்டு, எனக்குப் பன்னிரண்டு. உன்னை விட்டுட்டு நான் தனியப் போகமாட்டன். வருவாய்தானே?"