இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீற்றர்

கண்டி கெட்டம்பே மைதான வாசலில் நளீர் ஒற்றைக் கையால் ஹெல்மட் பட்டியைப் பூட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது கை ஜெக்கட் பைக்குள் இருந்தது. கைரியா அதைக் கவனித்துவிட்டாள்.

"கைக்கு என்ன?"

"ஒண்டுமில்ல. வெள்ளிக்கிழம கடையில டைல்ஸ் பெட்டி ஒண்டு வழுக்கிச்சு. புடிக்கப் போய் மணிக்கட்டு கொஞ்சம் பிசகிட்டு. இப்ப நல்லம்."

"காட்டுங்க பாக்க."

"நல்லம்னு சொல்றேன் தானே."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, பன்னிரண்டு பைக்குகள் வரிசையில் நின்றன. எல்லோரும் அந்த ஒன்றுகூடலுக்காக மூன்று மாதமாகக் காத்திருந்தவர்கள். தெல்தோட்டையில் ஒரு விளையாட்டு மைதானத்தில் நாடு முழுவதிலுமிருந்தும் பைக் ஓட்டுகிறவர்கள் கூடுகிறார்கள் என்று அறிவித்தல் வந்த நாளே மோகனராஜ் எல்லோருடைய பெயரையும் அனுப்பிவிட்டார். மாநகர சபை நீர்ப் பகுதியில் வேலை பார்க்கிற மோகனராஜ்தான் இந்தக் குழுவுக்குத் தலைவர். விசில் ஊதித்தான் பயணத்தைத் தொடங்குவார்.

கைரியா ஒன்பது வருடமாகக் கணவன் நளீரின் பின்னால் உட்கார்ந்து போகிறாள். மன்னாருக்குப் போயிருக்கிறாள், அறுகம்பைக்குப் போயிருக்கிறாள். வாரநாட்களில் பெண்கள் பாடசாலையொன்றில் கணிதம் படிப்பிக்கிறாள்; அங்கே தன்னுடைய ஸ்கூட்டரில்தான் போய்வருகிறாள். ஆனால் இந்தப் பயணங்களில் அவளுடைய இடம் பின்னால், கட்லட் பெட்டியும் பிளாஸ்க்கும் வைத்த பையோடு. அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை.

ஒரேயொரு குறை, கடந்த எட்டு மாதமாக. அவளுடைய தம்பி ஹுதைபாதான் நளீரை முதலில் இந்தக் குழுவுக்குக் கூட்டிவந்தவன். மெலிந்த ஆள், டவுனில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். மச்சான்மார் இருவரும் எப்போதும் பக்கத்துப் பக்கத்திலேயே போவார்கள். மக்காவுக்கு உம்றாப் பயணம் போய்விட்டு நளீர் திரும்பிய நாளிலிருந்து அது நின்றுபோனது. ஹுதைபா வரிசையின் முன்னால் நின்றால் நளீர் கடைசியில் போய் நிற்பான். ஸலாம் சொன்னால் பதில் சொல்வான், அவ்வளவுதான். கைரியா இருவரிடமும் கேட்டுப் பார்த்தாள். நளீர், "என்ன, ஒண்டுமில்லயே" என்றான். ஹுதைபா, "எனக்கும் விளங்கல்ல ராத்தா" என்றான்.

விசில் கேட்டது. புறப்பட்டார்கள்.

பேராதனை தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. கலஹா ஏற்றம் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் கியர் மாற்ற வேண்டியிருந்தது. கிளட்ச் பிடிக்கிற கை இடது கை. ஒவ்வொரு தடவையும் நளீரின் முதுகு விறைப்பதைக் கைரியா பின்னாலிருந்து உணர்ந்தாள். நாலாவது வளைவில் கிளட்ச்சை முழுதாகப் பிடிக்க முடியாமல் எஞ்சின் குலுங்கி நின்றது. பின்னால் வந்த பஸ் நீளமாக ஹோன் அடித்தபடி விலகிப் போனது.

எப்படியோ கலஹா டவுன்வரை வந்து சேர்ந்தார்கள். தேநீர்க் கடை முன்னால் எல்லோரும் நிறுத்தினார்கள். நளீர் கையுறையைக் கழற்றியபோது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

மோகனராஜ் குனிந்து பார்த்தார். "என்ன நளீர் இது? இந்தக் கையோட இவ்வளவு தூரம் வந்தீங்களா? இனி முடியாது. பைக்க இங்க கடையில விட்டுட்டு ஒரு ஓட்டோ புடிச்சு டொக்டர்கிட்ட போங்க."

நளீர் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மூன்று மாதமாக பைக்கைத் துடைத்துத் துடைத்து வைத்தவன். "நீங்க எல்லாரும் போங்க. நாங்க திரும்பிப் போறோம்" என்றான்.

கைரியா பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் ஓட்டுறேன்" என்றாள்.

நளீர் சிரித்தான். "இது ஸ்கூட்டர் இல்ல கைரியா. கியர் ஈக்கி. நூத்தியெம்பது கிலோ."

"தெரியும். நான் இத ஓட்டீக்கேன்."

"எத?"

"இந்த பைக்கத்தான்."

சொல்லிவிட்ட பிறகுதான் எல்லோரும் கேட்டுக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. இனி நிறுத்த முடியாது. "நீங்க உம்றாக்குப் போன நேரம் பெற்றரி செத்துப் போகாம ஒவ்வொரு நாளும் அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொன்னீங்க தானே. மொத நாள் ஸ்டார்ட் மட்டும் பண்ணினேன். ரெண்டாவது நாள் ஒழுங்கைல ஒரு சுத்து. பொறகு விடியச் சுபஹு தொழுதுட்டு, ரோட்டுல ஆக்கள் இல்லாத நேரத்துல, மடவளைக்குப் பெய்த்து வந்தேன். பொறகு வத்தேகமைக்கு."

"வத்தேகமைக்கா?"

"ஏழு தரம்."

மோகனராஜ் வாய்விட்டுச் சிரித்தார். நளீர் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, கொஞ்சம் தள்ளி நின்று கட்லட் தின்றுகொண்டிருந்த ஹுதைபாவைப் பார்த்தான். மறுபடியும் அவளைப் பார்த்தான்.

"எத்தன கிலோமீற்றர் ஓட்டினீங்க?" என்று மெதுவாகக் கேட்டான்.

"கணக்குப் பாக்கல்ல. இருநூறு வரும்."

அவன் ஜெக்கட் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் ஹெல்மட்டை எடுக்கத் திரும்பினான். கோபித்துக்கொண்டான் என்றுதான் அவள் நினைத்தாள். லைசன்ஸ் கைப்பையில் இருந்தது. அபாயா அங்கியின் மேல் நளீரின் ஜெக்கட்டை மாட்டி, கையுறையையும் வாங்கிப் போட்டாள். விரல்களின் நுனியில் அரை அங்குலம் வெறுமையாக ஆடியது.

முதல் தடவை கிளட்ச்சை விட்டபோது பைக் ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. வத்தேகமைக்குப் போன நாட்களில் பின்னால் எண்பத்தைந்து கிலோ நளீர் இருந்ததில்லை. இரண்டாவது தடவை இன்னும் கொஞ்சம் வேகம் கொடுத்து விட்டாள். நகர்ந்தது. தேநீர்க் கடையிலிருந்து யாரோ கை தட்டினார்கள்.

ஒன்பது வருடமாக அவள் பார்த்த பாதைகளெல்லாம் பக்கவாட்டில் ஓடிய பாதைகள். முன்னால் எப்போதும் நளீரின் ஹெல்மட் இருந்தது. இப்போது பாதை முழுதாக அவளுக்கு முன்னால் விரிந்து கிடந்தது. தேயிலைச் சரிவுகள், வளைவில் வெள்ளையடித்த கல், கொழுந்துச் சாக்கு ஏற்றிய டிரக்டர், பனி விலகாத ஒரு பள்ளம் எல்லாமே நேராக அவளை நோக்கி வந்தன.

"கியரக் குறைங்க, வளைவு வருது" என்றான் நளீர் பின்னாலிருந்து.

குறைத்தாள்.

"பிரேக், பிரேக்! முன் பிரேக் மட்டும் புடிக்க வேணாம்."

"கொஞ்சம் சும்மா இரிங்க" என்றாள். ஒன்பது வருடத்தில் அவன் அவளிடம் எத்தனையோ தடவை சொன்னதுதான்.

அவன் சும்மா இருந்தான். எங்கே பிடிப்பதென்று தெரியாமல் முதலில் சீட்டின் விளிம்பைப் பிடித்தான், பிறகு அவள் தோளைப் பிடித்தான். இரண்டு மூன்று வளைவுகள் கழிந்தன. பிறகு காற்றுக்கு மேலாகக் கத்திச் சொன்னான்.

"கைரியா, நான் ஒரு பிழை செஞ்சிட்டேன்."

"என்ன பிழ?"

"நான் உம்றாக்குப் போக முந்தி பைக் மீற்றரப் பாத்து வச்சீந்தேன். சேவிஸ் செய்ய ஈந்துச்சு. வந்து பாத்தா இருநூத்திப் பன்னெண்டு கிலோமீற்றர் கூடியீக்கி. மத்தச் சாவி ஹுதைபாக்கிட்டத்தானே ஈந்துச்சு. பக்கத்து வீட்டு ஹாஜியாரும் சொன்னாரு, மெலிஞ்ச ஆளொண்டு விடியல் இருட்டுல ஹெல்மட் போட்டுக்கிட்டு என்ட பைக்ல மடவளைப் பக்கம் போறதக் கண்டதா. நான்..."

கைரியா பைக்கை ஓரமாக நிறுத்தினாள். முழுதாகத்தான் நிறுத்தினாள், நியூட்ரலுக்கும் எடுத்தாள். முன்னால் போனவர்கள் வளைவுக்கு அப்பால் மறைந்துவிட்டார்கள்.

"அதுக்குத்தானா எட்டு மாசம் அவனோட பேசாம ஈந்தீங்க?"

"கேக்காம எடுத்துட்டு, எடுத்ததையும் சொல்லாம இரிக்கிறானேன்னு ஒரு வருத்தம்."

"அவனுக்கிட்ட ஒரு வார்த்த கேட்டீக்கலாமே. எனக்கிட்டயாவது கேட்டீக்கலாமே."

"ஒங்கட தம்பி. கேட்டு, சண்டையாகி, ஒங்கட மனசு நோகும்னு நெனச்சேன்."

அவள் ஹெல்மட்டின் கண்ணாடியை உயர்த்தினாள். அவனைத் திட்ட வாயெடுத்தவளுக்குத் தன் பங்கும் நினைவுக்கு வந்தது. அந்தக் காலைகளைப் பற்றி அவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. எதற்காக மறைத்தாள்? அவன் தடுப்பான் என்ற பயமல்ல. அது தனக்கு மட்டுமென்று ஒன்றாக இருந்தது, அதனால்தான்.

"ரெண்டு பேரும் சேந்துதான் அவனுக்கு அநியாயம் செஞ்சீக்கோம்" என்றாள். "இண்டைக்கே சொல்லணும்."

"சொல்றேன்."

மோகனராஜ் அவர்களைக் காணாமல் தேடித் திரும்பி வந்துகொண்டிருந்தார். "என்ன தங்கச்சி, பயமா?" என்று தூரத்திலேயே கேட்டார்.

"இல்லண்ணே. பேச ஒரு விசயம் ஈந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவள் கியரைப் போட்டாள்.

தெல்தோட்டை மைதானத்தில் இருநூறு பைக்குகளாவது நின்றன. ஒலிபெருக்கியில் சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி அறிவித்தல் போனது. குழுக்களின் கொடிகள் கம்பங்களில் ஆடின. அவள் பைக்கை வரிசையில் நிறுத்தி ஸ்டாண்டைத் தட்டியபோது யாழ்ப்பாணத்துக் கொடியின் கீழ் நின்ற ஒரு பெண் ஓடி வந்தாள்.

"அக்கா, நீங்களோ பைக் ஓடிக்கொண்டு வந்தனீங்கள்? அந்த ஏத்தத்திலயோ?"

"கலஹாவுல இருந்துதான்" என்றாள் கைரியா.

"அது காணும். நாங்கள் நாலு பொம்பிளையள் வந்திருக்கிறம். வாங்கோ, ஒரு படம் எடுப்பம்."

படம் எடுத்துவிட்டுத் திரும்பியபோது முதலுதவிக் கூடாரத்தில் நளீரின் கைக்குப் பட்டி சுற்றிக்கொண்டிருந்தார்கள். எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்றார்கள். கூடாரத்துக்கு வெளியே ஹுதைபா நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை. நளீர் எழுந்து அவனிடம் போனான். கைரியாவும் பக்கத்தில் போய் நின்றாள்.

நளீர் சுற்றி வளைக்கவில்லை. மீற்றர், சாவி, ஹாஜியார் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். "எடுத்தது நீதான்னு நெனச்சேன் ஹுதைபா. பிழ என்டதான். மாப்புத் தா."

"நானும் சொல்லீக்கணும்" என்றாள் கைரியா.

ஹுதைபா இருவரையும் பார்த்தான். "எட்டு மாசம் மச்சான்" என்றான். "பெருநாளைக்கி வீட்டுக்கு வந்தா நீங்க மேல பெய்த்துப் படுத்துட்டீங்க. என்ன செஞ்சேன் என்ன செஞ்சேன்னு நான் யோசிச்ச யோசன எனக்குத்தான் தெரியும். கேட்டா நானே சொல்லீப்பேனே, நான் எடுக்கல்லன்னு."

சொல்லிவிட்டு அவன் திரும்பி, பைக் வரிசைகளுக்கு நடுவே நடந்து போய்விட்டான். நளீர் பின்னால் போகப் பார்த்தான். கைரியா அவன் வலது கையைப் பிடித்து நிறுத்தினாள். "விடுங்க. கொஞ்ச நேரம் தனிய இரிக்கட்டும். அவன் சின்னதுல இருந்தே அப்பிடித்தான்."

அரை மணித்தியாலம் கழித்து ஒலிபெருக்கியில் அவளுடைய பெயர் கேட்டது. மெதுவாக ஓட்டும் போட்டிக்குக் கண்டியிலிருந்து கைரியா நளீர். முப்பது மீற்றர் தூரத்தைக் கால் ஊன்றாமல் யார் கடைசியாகக் கடக்கிறாரோ அவருக்கே வெற்றி. அவள் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தாள். பெயர் பதிகிற மேசைக்குப் பக்கத்தில் ஹுதைபா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா குடுத்த என்ட பேர?"

"இருநூத்திப் பன்னெண்டு கிலோமீற்றர் ஓட்டின ஆளுக்கு முப்பது மீற்றர் பெரிய வேலயா ராத்தா?"

ஒன்பது பேர் கோட்டில் நின்றார்கள். விசில் ஒலித்தது. கிளட்ச்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை மிதித்து, பைக்கை ஆமைபோல் நகர்த்தினாள். பதினைந்து மீற்றர்வரை போய்விட்டாள். நளீர் ஓரத்தில் நின்று, "நேராப் பாருங்க, சில்லப் பாக்க வேணாம்" என்று கத்தினான். ஹுதைபா, "மச்சான், கத்தாதீங்க, விழுந்துடுவா" என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினான். இருவரையும் ஒரு கணம் திரும்பிப் பார்த்ததில் அவளுடைய இடது கால் தரையில் பட்டது. மைதானமே சிரித்துக் கை தட்டியது. அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெற்றி பதுளையிலிருந்து வந்த ஒரு தபால்காரருக்குப் போனது.

பகல் லுஹர் தொழுகைக்கு நேரம் ஆனதும் தொழுகிற ஆண்கள் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார்கள். பட்டி சுற்றிய கையோடு நளீர் பள்ளிவாசல் படிக்கட்டில் உட்கார்ந்து சப்பாத்து நாடாவோடு மல்லுக்கட்டினான். முன்னால் போன ஹுதைபா திரும்பி வந்து, குனிந்து முடிச்சை அவிழ்த்தான். கைரியா வீதிக்கு இந்தப் பக்கம், யாழ்ப்பாணத்துப் பெண்களோடு நின்று அதைப் பார்த்தாள்.

சோற்றுப் பார்சல்களைச் சாப்பிட்டுவிட்டு, பின்னேரம் மூன்று மணிக்குத் திரும்பப் புறப்பட்டார்கள். கைரியா சாவியை எடுத்தாள். நளீர் ஹெல்மட்டோடு ஹுதைபாவின் பைக் பக்கம் நடந்தான்.

"எங்க போறீங்க?"

"நான் இவனோட வாறேன். எங்களுக்குப் பேச எட்டு மாசத்துக் கத ஈக்கி" என்றான். கொஞ்சம் வெட்கத்தோடு, "நீங்க தனிய வாங்க, பைக் பாரமில்லாம நல்லா ஓடும்" என்றும் சொன்னான்.

மோகனராஜ் வரிசையைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவளிடம் வந்ததும், "தங்கச்சி, நீங்க எனக்கு அடுத்ததா வாங்க" என்றார். விசில் ஊதினார்.

இறக்கத்தில் வெயில் சரிந்து தேயிலையின் மேல் படுத்திருந்தது. கலஹாவைத் தாண்டியதும் இலேசாகத் தூறியது, பிறகு நின்றது. பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு பைக்குகளுக்குப் பின்னால் ஹுதைபா வந்துகொண்டிருந்தான். நளீர் அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து எதையோ சொல்லிக்கொண்டே வந்தான். ஹுதைபாவின் ஹெல்மட் சிரிப்பில் ஆடியது. அவள் மறுபடியும் பாதையைப் பார்த்து, அடுத்த வளைவுக்குக் கியரைக் குறைத்தாள்.