உடையாத துவக்கு

தில்லையம்பலத்தின் காற்றுத் துப்பாக்கி மூன்றாம் முறையாக உடைந்தது 1988ஆம் ஆண்டு ஒக்டோபரில், ஒரு வியாழக்கிழமை பின்னேரம். உடைந்த விதம் வழக்கமானதுதான். குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும்போது உள்ளே ‘டக்’கென்று ஒரு சத்தம், பிறகு குழல், தனக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமில்லை என்பதுபோலத் தொளதொளவென்று ஆடியது.

“கோதாரி விழ!” என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. செய்தவன், விற்றவன், வாங்கியவன் என்று மூன்று பேர் இருந்தார்கள். வாங்கியவர் அவரே என்பதால் சாபத்தை மற்ற இரண்டு பேருக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தார்.

வெள்ளைக்காரன் தேசத்தில், பிளேஸ்டோவில் அவர் களஞ்சியக் கிளார்க்காக இருந்த கேபிள் தொழிற்சாலையில், கன்டீனுக்குப் பின்னால் ஒரு நீண்ட மண்டபம். வியாழன்தோறும் வேலை முடிந்ததும் அங்கே துப்பாக்கிக் கழகம் கூடும். ஒரு கோடியில் வெள்ளை பூசிய இரும்புத் தகடு, தகட்டின் நடுவில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு துளை, துளைக்குப் பின்னால் ஒரு மணி. ஈயச் சன்னம் துளைக்குள் போனால் மணி அடிக்கும், ஐந்து புள்ளி. வெளியே பட்டால் வெள்ளையில் கறுப்புப் பொட்டு விழும்; எட்ட எட்டப் புள்ளி குறையும். எட்டு வருடமாகத் தில்லையம்பலம் அந்தத் தகட்டுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

எட்டு வருடமும் அவர் ரிசேர்வ் ஆள்தான். மற்றத் தொழிற்சாலைகளோடு மோதும் அணியில் நான்கு பேர். ஐந்தாமவரான அவர் சான்ட்விச் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போவார். யாருக்காவது தடிமன், காய்ச்சல் உண்டா என்று மிகுந்த அக்கறையோடு விசாரிப்பார். ஒருவருக்கும் வராது. போட்டி நாட்களில் வெள்ளைக்காரனுக்குக் காய்ச்சல் வருவதில்லை என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

இப்போதுதான் ஒரு இடம் காலியாகியிருந்தது. நாலாவது ஆள் பென்ஷன் எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் குடிபோய்விட்டார். கழகத்தின் தலைவர் டெரிக், இயந்திரப் பகுதி ஃபோர்மன், சனிக்கிழமைக்கு ஒரு தேர்வு வைத்தார். இரண்டு பேர், ஆளுக்கு ஐந்து சன்னம், ஒத்திகை கிடையாது. கூடின புள்ளி எடுத்தவர் அணிக்குள். ஒருவர் தில்லையம்பலம். மற்றவர் மேரிறோஸ்.

மேரிறோஸ் மன்னார்ப் பெண். பொதி கட்டும் பகுதியில் வேலை. கழகத்துக்கு வரத் தொடங்கி ஐந்து மாதம்தான். அதுவும் கணவனின் ஷிப்ட் முடியும்வரை பஸ் தரிப்பில் நின்று விறைக்காமல் இருப்பதற்காக. சொந்தத் துவக்குக்கூடக் கிடையாது. சுவரோரம் கழகத்தின் பொதுத் துவக்கு ஒன்று கிடந்தது. மலிவானதா, விலை கூடினதா என்று ஒருவருக்கும் தெரியாது. எழுதியிருந்த பெயர் எத்தனையோ கைபட்டு அழிந்துபோயிருந்தது. அதை எடுத்துச் சுடுவாள், துடைத்து வைப்பாள், போய்விடுவாள்.

“தில்லையண்ணை, இது எத்தினையாவது ஸ்பிரிங்?” என்று கேட்டாள்.

“மூண்டு.”

“அப்ப இனி இதைத் துவக்கெண்டு சொல்லாதேங்கோ. ஸ்பிரிங் போட்டு வைக்கிற பெட்டியெண்டு சொல்லுங்கோ.”

“சிரியும் பிள்ளை, நல்லாச் சிரியும். நான் மணியடிக்காததுக்கு இந்தக் கட்டைதான் காரணம். இடப்பக்கம் இழுக்குது. துவக்கிலை குறி பாக்கிற தகட்டின்ரை திருகு வாங்கின மாதமே தேய்ஞ்சு போச்சு. ஒவ்வொருக்காலும் ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளிப் பிடிச்செல்லோ சுடுறன்! நல்ல துவக்கொண்டு கையிலை இருந்தால் ஆளைக் காட்டுவன் நான்.”

“வீட்டிலை ஜெர்மன் துவக்கு இருக்கெண்டு கோடை முழுக்க நீங்கள்தானே சொல்லித் திரிஞ்சனீங்கள்?”

தில்லையம்பலத்துக்கு அப்போது பார்த்து இருமல் வந்தது.

டெரிக் உடைந்த துப்பாக்கியை வாங்கிக் காதோரம் குலுக்கிப் பார்த்தார். உள்ளே துண்டுகள் கிலுகிலுத்தன. “சனிக்கிழமைக்கு இது உதவாது, தில்லை,” என்றார் ஆங்கிலத்தில். “அந்த ஜெர்மன்காரியைக் கூட்டிக்கொண்டு வா.”

அந்த ஜெர்மன் துவக்கு வந்த கதை தில்லையம்பலத்தின் மனைவி அருமைநாயகியின் கதை. மலிவான துவக்குக்கும் விலை கூடின துவக்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றித் தில்லையம்பலம் எந்த நேரமும் விரிவுரை செய்யக்கூடியவர். மலிவானது தபால் கற்றலொக்கில் படம் பார்த்து வாங்குவது. படத்தில் மரமாக இருந்தது கைக்கு வரும்போது மரமாக இராது. நல்லதில் குழல் அசையவே அசையாது. பக்கத்திலிருக்கும் பிடியை இழுத்துத்தான் ஸ்பிரிங்கை இறுக்குவது. குழல் அசையாததால் குறியும் அசையாது. அப்பன் வாங்கினால் பேரன் சுடலாம். இந்த விரிவுரையை எட்டு வருடமாகச் சோற்றோடு சேர்த்து விழுங்கியவள் அருமைநாயகி. ஆஸ்பத்திரி லோன்றியில் விரிப்புத் தோய்க்கிற வேலை செய்கிறவள். போன ஜூனில், அவருடைய நாற்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு, கைக்கு வந்த சீட்டுக் காசோடு, சேலைக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு தனியே துவக்குக் கடைக்குப் போனாள். கடைக்காரன் வரிசையாக எடுத்து வைத்தான். அவள் கேட்டது ஒரே கேள்வி: “இதுக்குள் எது உடையாது?” அவன் பின்னாலிருந்த கண்ணாடி அலுமாரியைத் திறந்தான்.

ஊரில் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம் நிறைந்த தெரு அது. என்ன கொண்டுபோகிறாய் என்று கேட்ட எதிர்வீட்டுக்காரியிடம் யன்னல் சீலைக் கம்பி என்று சொல்லிவிட்டு அதை வீட்டுக்குள் கொண்டுவந்தாள்.

தில்லையம்பலத்துக்குக் கண் கலங்கியது. தடவிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு வந்த பொலித்தீன் உறைக்குள்ளேயே திரும்பப் போட்டு, இரண்டு முனையையும் ஒட்டுநாடாவால் ஒட்டி, மாடி அறையில் அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டார். “ஒரு நல்ல நாளிலை எடுப்பம்,” என்றார். ஜூலையில் ஒரு நல்ல நாளும் வரவில்லை. ஓகஸ்டிலும் வரவில்லை.

“இனியெண்டாலும் அதை இறக்குங்கோவன்,” என்றாள் அருமைநாயகி அன்றிரவு சாப்பாட்டுக்கு முன்னால்.

“சும்மா இரும். புதுச் சாமான். மண்டபத்திலை ஒரே தூசி. இந்தப் பழசுக்கே இன்னொரு ஸ்பிரிங்…”

“இஞ்சாருங்கோ, ஊரான்ரை படுக்கை விரிப்பெல்லாம் தோய்ச்சு நான் வாங்கினது அலுமாரிக்கு முடி சூட்டவோ?”

“உம்மடை சோபா ஆறு வருஷமாப் பொலித்தீனுக்குள்ளைதானே இருக்குது! ஆராவது அதிலை இருந்தால் கிறீச்செண்டு கத்துது. நான் ஏதும் சொன்னனானோ?”

“சோபா போட்டிக்குப் போறேல்லை,” என்றாள் அவள்.

அவரிடம் பதில் இருந்தது, ஆனால் அது சொல்லக்கூடிய பதில் அல்ல. தூசி காரணமில்லை. பழைய துவக்கால் சுட்டுத் தவறினால் துவக்கின் பிழை. எட்டு வருடமாக மணி அடிக்காதபோதெல்லாம் அவர் தகட்டைப் பார்த்ததில்லை, கையிலிருந்த துவக்கைத்தான் முறைத்தார். ஜெர்மன் துவக்கால் தவறினால் யாரை முறைப்பது? அறைக்குள் மிச்சமிருப்பது ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆளை அவருக்கு நன்றாகத் தெரியும். பெரிதாக நம்பிக்கை இல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கதிரை போட்டு ஏறி அதை இறக்கினார். ஒட்டுநாடாவை உரித்தார். பொலித்தீனின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர். அலுமாரி நின்றது குளிர்ச் சுவரோரம். நான்கு மாத ஈரமும் வெளியேற வழியில்லாமல் உறைக்குள்ளேயே குடியிருந்திருக்கிறது. நீலக் கறுப்பாக மினுங்கிய குழலில் இப்போது அடியிலிருந்து நுனிவரை செம்மண் நிறத்தில் துரு, வேர்க்குருபோல. பக்கத்துப் பிடியை இழுத்தால் கரகரத்தது.

“ஐயோ, நாசம்!” என்று கத்தினார். கத்திய அதே நொடியில் மனத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்ததையும் கண்டார். துரு! துருப்பிடித்த துவக்கால் எந்த மனுசன் மணியடிப்பான்? “கடைக்காரன் ஏமாத்திப்போட்டான், நாயகி. விலை கூடினதெண்டு சொல்லி இரும்புத் துண்டைத் தலையிலை கட்டிப்போட்டான்!”

அருமைநாயகி வாசலில் நின்று பார்த்தாள். பழைய துவாய் ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலில் உட்கார்ந்து, குழந்தையின் முதுகைத் துடைப்பதுபோல அந்தக் குழலைத் துடைத்தாள். துவாய் மண்ணிறமானது. அதை மடித்து வைத்துவிட்டுக் கீழே போனாள். எட்டிப் பார்த்த நிம்மதி வந்த வழியே போய்விட்டது.

சனிக்கிழமை அவளும் கூட வந்தாள். மண்டபத்தில் தேத்தண்ணிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசைக் கதிரையில் இருந்தாள். தில்லையம்பலம் துவக்கை நீட்டி, “பார் டெரிக், விலை கூடினதன் இலட்சணத்தை! இதை வைத்து எப்படிச் சுடுவது?” என்றார், கவலையான குரலில்.

டெரிக் எண்ணெயும் மெல்லிய இரும்புப் பஞ்சும் எடுத்தார். பத்து நிமிடம் மெதுவாகத் தேய்த்தார். துரு உதிர்ந்தது. பிடி வழுக்கிக்கொண்டு வந்தது. குழலை வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பார்த்தார்.

“தோலில் மட்டும்தான். உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, அருமையான சாமான். இதை மூச்சுவிட விடாமல் கட்டிவைத்தது யார்?”

தில்லையம்பலம் கூரையைப் பார்த்தார். கடைசிச் சாட்டும் போய்விட்டது.

மேரிறோஸ் முதலில் சுட்டாள். மணி, அடுத்தது சற்று விலகல், மணி, இன்னும் விலகல், கடைசியில் மணி. இருபத்திரண்டு புள்ளி. பொதுத் துவக்கைத் துடைத்துச் சுவரோரம் சாத்திவிட்டு, “வாங்கோ அண்ணை, ஜெர்மனி என்ன செய்யுதெண்டு பாப்பம்,” என்றாள்.

தோளில் வைத்தபோதே வித்தியாசம் தெரிந்தது. ஆடாமல், முனகாமல், கை வைத்த இடத்தில் நின்றது. முதல் சன்னம். மணி இல்லை. துளைக்கு வலப்பக்கம் ஒரு பொட்டு, மூன்று புள்ளி. இரண்டாவது சன்னம். மணி இல்லை, புதுப் பொட்டும் இல்லை. டெரிக் நெருங்கிப் போய்ப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். முதல் பொட்டின் மேலேயே இரண்டாவதும் பட்டிருந்தது.

தில்லையம்பலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மயிரிழை வலப்பக்கம்! இந்தத் துவக்கு இடப்பக்கம் இழுக்காது, நேரே போகும், எங்கே பிடித்தாயோ அங்கே போகும். நடுவில் பிடி, மடையா, நடுவில். மூன்றாவதற்கு நடுவில் பிடித்தார். கை ஒத்துக்கொண்டது, கண் ஒத்துக்கொண்டது. விசையை அழுத்தும் கணத்தில் எட்டு வருடப் பழக்கம் வந்து முழங்கையில் ஒரு தட்டுத் தட்டியது. அதே பொட்டு. நாலாவதும் அங்கேதான். மலிவுத் துவக்கு உடைந்து வீட்டில் கிடந்தது. அதன் கோணல் மட்டும் பத்திரமாக, உத்தரவாதத்தோடு, அவருக்குள் உழைத்துக்கொண்டிருந்தது.

ஐந்தாவது சன்னத்துக்கு மணி அடித்தது. தோற்றபிறகு அடிக்கிற மணியைப்போல எரிச்சலூட்டும் சத்தம் உலகத்தில் இல்லை.

“பதினேழு,” என்றார் டெரிக். மேரிறோஸின் கையைக் குலுக்கினார்.

மேரிறோஸ் தகட்டடிக்குப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். முகத்தில் பகிடி இல்லை. “அண்ணை, நாலும் ஒரே இடத்திலை. நான் ஒருநாளும் அப்பிடிச் சுட்டதில்லை.”

“ஒரே பிழையை ஒரே மாதிரி நாலுதரம் விடுறது கெட்டித்தனமோ, பிள்ளை?” என்றார். துவக்கை உறைப்பைக்குள் வைத்தார். “போம். நல்லாச் சுட்டீர். போட்டி நாளிலை சான்ட்விச் நான் கொண்டாறன்.”

பஸ் தரிப்பில் தூறல். துவக்கு உறைப்பையில் இருவருக்கும் நடுவே நின்றது. அருமைநாயகி கைப்பையைத் திறந்து, நாலாய் மடித்த ஒரு கடுதாசியை எடுத்தாள்.

“றிசீட் வைச்சிருக்கிறன். துவக்கிலை பிழையெண்டால் திங்கட்கிழமை கொண்டுபோய் மாத்துவம். நான் கதைக்கிறன் அவனோடை.”

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். இன்னொரு எட்டு வருடத்துக்கு அந்தச் சாட்டு உதவும். தில்லையம்பலத்தின் தலை ஆடுவதற்கு ஆயத்தமாகவும் இருந்தது. அவள் உள்ளங்கையில் அந்தக் கடுதாசி நனைவதைப் பார்த்தார். அவளுடைய விரல்கள் லோன்றிச் சவர்க்காரத்தில் வெடித்திருந்தன.

“இல்லை, நாயகி,” என்றார். “துவக்கு நல்லது. கடைக்காரனும் பொய் சொல்லேல்லை. நான்தான் கட்டி வைச்சுத் துருப்பிடிக்க விட்டனான், நான்தான் சரியாச் சுடேல்லை. எல்லாப் பிழையும் என்னிலை.”

அருமைநாயகி றிசீட்டைத் திரும்ப மடித்து உள்ளே வைத்தாள். அவள் முகத்தில் வருத்தம் இருக்கும் என்று பயந்து பார்த்தார். இருக்கவில்லை.

“அப்ப நல்லதாப் போச்சு,” என்றாள். “துவக்கெண்டால் ஜெர்மனிக்கு அனுப்பவேணும். நீங்களெண்டால் வீட்டிலை வைச்சே திருத்தலாம்.”

“எவ்வளவு காலம் எடுக்கும்?”

“ஆருக்குத் தெரியும்? உங்களைக் கலியாணம் கட்டேக்கை ஒருத்தரும் எனக்கு உத்தரவாத அட்டை தரேல்லை,” என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் துவக்கைத் தூக்கிக்கொண்டு அவள் முதலில் ஏறினாள்.