வலப்பக்கம் திரும்பிய டிராக்டர்

அந்த வருடம் வெஸ்ட்லாண்டில் எங்கள் பசுமைக்குடிலுக்குத் தக்காளி பறிக்கும் இயந்திரங்கள் வந்தன. செவ்வாய்க்கிழமை பார்வையாளர்கள் வந்தபோது, முதலாளி க்ரைன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசினான்.

"சந்தையை அதன் போக்குல விடுங்க. இன்னும் பத்தே வருஷத்துல எல்லாப் பொருளும் மலிஞ்சிடும். பசின்னா என்னன்னு அகராதியைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

நாங்களும் கை தட்டினோம்.

வெள்ளிக்கிழமை விலை விழுந்தது. அடைக்கிற அட்டைப்பெட்டிக்கு ஆகும் காசுகூடத் தக்காளிக்குக் கிடைக்கவில்லை. பறித்த நாலு டன்னையும் உரக்குழியில் கொட்டச் சொல்லிவிட்டான் க்ரைன். ட்ரெய்லரில் ஏற்றியவன் நான். ஓட்ட வேண்டியவள் டீனெகே. க்ரைனின் அப்பா காலத்திலிருந்து டிராக்டர் ஓட்டுகிறவள். ஒரு பழத்தை எடுத்துக் கடித்தாள்.

"இதுல என்ன கோளாறு?"

"நிறைய காய்ச்சிடுச்சு. அதான் கோளாறு," என்றேன்.

அவள் வண்டியைக் கிளப்பினாள். வாசலில் குழிக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். வலப்பக்கம் திரும்பினாள். நான் பதறிப்போய் சைக்கிளில் பின்தொடர்ந்தேன்.

தேவாலயத்தை ஒட்டிய இலவச உணவு வங்கி வாசலில் எண்பது பேர் வரிசையில் நின்றார்கள். என் பக்கத்து வீட்டு நர்ஸும் அதில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீனெகே டிராக்டரை நிறுத்தினாள்.

"பை இல்லாதவங்க கோட்டைக் கழட்டிப் பிடிங்க! தெரிஞ்சவங்களுக்கும் போன் போடுங்க!"

கால் மணி நேரத்தில் க்ரைன் காரில் வந்து குதித்தான்.

"என்ன பண்றீங்க டீனெகே? இங்க சும்மா கிடைச்சா அடுத்த வாரம் கடையில எவன் வாங்குவான்?"

"பொருள் மலிஞ்சிடும்னு நீதானேப்பா சொன்ன? மலிஞ்சிடுச்சு. அதைக் குழியில போட்டு மூடச் சொல்றியே!"

"விலை நிக்கலேன்னா அந்த மெஷின் கடனை நான் எப்படிக் கட்டறது? மெஷின் இல்லேன்னா இவ்வளவு தக்காளி ஏது?"

அதுவும் நியாயமாகத்தான் எனக்குப் பட்டது. டீனெகே தலையை ஆட்டினாள்.

"அப்போ உன் பத்து வருஷம் எப்பவும் பத்து வருஷமாவேதான் இருக்கும், க்ரைன். அது வாசலுக்கு வரும்போதெல்லாம் நீயே கதவைச் சாத்திடுவ."

வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

"நாளையிலேர்ந்து வேலைக்கு வராதீங்க!"

"சரி. இதை இறக்கிட்டுப் போறேன்."

சாவியை அவனிடம் எறிந்துவிட்டு ட்ரெய்லர்மேல் ஏறினாள். க்ரைன் டிராக்டரைத் தொடவில்லை. சுற்றி நின்ற அத்தனை பேர் கையிலும் தக்காளி இருந்தது.

மதியத்துக்குள் ட்ரெய்லர் காலி. டீனெகே இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தாள். பிறகு பஸ் ஓட்டப் போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மூன்றாம் வாரமே விலை மறுபடி விழுந்தது. இயந்திரங்களுக்குப் பறிக்கத்தான் தெரியும், ஏற்றத் தெரியாது. க்ரைன் எங்களைக் கூப்பிட்டான்.

"குழிக்குன்னா ஏத்த மாட்டேன்," என்றேன். என்னோடு நின்ற ஐந்து பேரும் கையுறையைக் கழற்றினார்கள்.

அவன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"எங்கேயோ கொண்டு போய்த் தொலைங்க. என் கண்ணுல மட்டும் படக் கூடாது."

"உன் ஆபீஸ் ஜன்னலை ஒட்டித்தான் போவோம்," என்றேன்.