வியோரிகா உறுதிமொழி எடுத்த நாள்

வியோரிகாவுக்கு அந்த ஒற்றை வாக்கியத்தைப் பற்றிப் பயமே இல்லை. குடியரசுக்கு விசுவாசமாக இருப்பேன், அரசியலமைப்பையும் சட்டங்களையும் கடைப்பிடிப்பேன் என்று உறுதி கூறவேண்டும், அவ்வளவுதான். பள்ளிப் பேருந்தைத் திருப்பும் ஒவ்வொரு வளைவிலும் அதை முணுமுணுத்து மனப்பாடம் செய்துவிட்டாள். மல்தோவாவிலிருந்து வந்து இத்தாலியின் அந்த மலையூரில் பதினாறு வருஷம் ஓடிவிட்டது. இப்போதுதான் குடியுரிமை ஆணை கைக்கு வந்திருந்தது. அவளை உறுத்திய கேள்வி வேறு. அன்றைக்கு என்ன உடுத்திக்கொண்டு போவது?

நகராட்சி எழுத்தர் ஃபப்ரீசியாவுக்கு போன் போட்டாள்.

"ஆணையையும் அடையாள அட்டையையும் எடுத்துட்டு வா."

"என்ன போட்டுட்டு வரணும்?"

"மரியாதையா எதையாவது போட்டுட்டு வா. கால்மணி நேர வேலை."

பக்கத்து வீட்டு ஓர்னெல்லாவுக்கு இதைக் கேட்டதும் பொங்கிவிட்டது. "கால்மணி நேரமா? இத்தனை வருஷம் கியூவில நின்னவளுக்கு! ஓட்டுநர் கால்சட்டையோட போய் நின்னே, உன் வீட்டுப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன் பாத்துக்கோ." தன் அக்கா மகள் கல்யாணத்துக்குத் தைத்த தந்த நிறப் பாவாடையையும் மேல்சட்டையையும் கொண்டுவந்து அவள்மேல் வைத்துப் பார்த்தாள். "செருப்பு மட்டும் பழசே போடு. நின்னுட்டே இருக்கணும், கடிச்சா முகத்துல தெரியும்."

துணைக்கு ஆள் கூட்டிவரலாம் என்று ஃபப்ரீசியா சொல்லியிருந்தாள். பேருந்துகளைப் பழுதுபார்க்கும் எட்சியோவிடம் வியோரிகா இதை டயரைப் பார்த்தபடியே சொன்னாள். அவர் மனைவியை இழந்தவர், பேச்சைச் சிக்கனமாகச் செலவழிப்பவர்.

"டயர் நல்லாத்தான் இருக்கு" என்றார். சக்கரத்தின் கடைசித் திருகையும் முறுக்கி முடித்த பிறகு, "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு, கறுப்பு கோட்டும் கையில் வெள்ளைப் பூங்கொத்துமாக நகராட்சி வாசலில் நின்றார். வியோரிகாவைப் பார்த்ததும் பூக்களை நீட்ட மறந்துபோனார்.

கூடத்தில் நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளை ரிப்பன் கட்டியிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு யாருக்கோ கல்யாணம். மேயர் எலியா போன மாதம்தான் பதவிக்கு வந்தவன். பத்து வயதில் வியோரிகாவின் பேருந்தில் மூன்று தடவை வாந்தி எடுத்தவனும் அவன்தான். மூவர்ணப் பட்டையை மார்பில் சரிசெய்தபடி உள்ளே வந்தவன், அவளையும் எட்சியோவையும் பூக்களையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் பூத்துவிட்டது.

"கடைசியில நடந்துருச்சு!" என்றான்.

'ஆமாம், எத்தனை வருஷக் காத்திருப்பு!' என்று அவளும் தலையாட்டினாள். ஃபப்ரீசியா பதிவேடு எடுக்கப் பக்கத்து அறைக்குப் போயிருந்தாள். மேசைமேல் இரண்டு கோப்புகள் கிடந்தன. எலியா ஒன்றைத் திறந்து கணீரென்று படிக்க ஆரம்பித்தான்.

"திருமணத்தால் கணவனும் மனைவியும் ஒரே உரிமைகளைப் பெறுகிறார்கள், ஒரே கடமைகளை ஏற்கிறார்கள்..."

குடிமக்களுக்குப் பொதுவான சட்டம் ஏதோ வாசிக்கிறான் என்று முதலில் நினைத்தாள் வியோரிகா. ஒருவருக்கொருவர் உண்மையாக இருக்கவேண்டும், சேர்ந்து வாழவேண்டும் என்று வந்ததும் கையைத் தூக்கினாள்.

"எலியா, நான் குடியுரிமை வாங்கத்தான் வந்தேன்."

பின்வரிசையில் அழுதுகொண்டிருந்த ஓர்னெல்லா மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள். எலியா காதுவரை சிவந்து கோப்பை மூடப்போனான்.

"படிக்கட்டுமே" என்றார் எட்சியோ, தரையைப் பார்த்தபடி. "நல்லாத்தானே இருக்கு."

அப்போதுதான் பதிவேட்டோடு உள்ளே வந்த ஃபப்ரீசியா, "ஐயோ, அது பன்னிரண்டு மணிக் கோப்பு!" என்று கத்தினாள். வியோரிகாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், எட்சியோவைத் தவிர.

சரியான கோப்பு திறந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். உருப்போட்டிருந்த அந்த வாக்கியம் பாதியில் நின்றுபோனது, கண்ணில் நீர் முட்டியது. சிரித்த கண்ணீரா, வேறு கண்ணீரா என்று அவளுக்கே தெரியவில்லை. மூச்சை இழுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னாள், இந்தத் தடவை ஒரே மூச்சில். கையெழுத்துப் போட்டாள். எலியா அரசியலமைப்புப் புத்தகத்தைக் கொடுத்து, மேயர் என்பதையும் மறந்து அவளைக் கட்டிக்கொண்டான்.

"சட்டப்படி நாளையிலிருந்துதான் நீங்க குடிமகள்" என்றான்.

"அப்ப இன்னிக்கு யாராம்?" என்றாள் ஓர்னெல்லா.

"இன்னிக்கும் எங்க ஓட்டுநர்தான்."

வெளியே படியிறங்கும்போது எட்சியோ தொண்டையைச் செருமினார். "உள்ள நான் சொன்னது..."

"வாய் தவறிடுச்சா?"

"இல்ல."

அவள் நான்கு படி இறங்கினாள். "நாளைக்குக் கேளு. எதுவானாலும் இந்த ஊர்க்காரியா பதில் சொல்றேன்."

மறுநாள் காலை ஆறரைக்கு, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி அவர் கேட்டார். வியோரிகா சரி என்றாள். வண்டியைக் கிளப்ப அவளுக்கு மனமே வரவில்லை. அன்று பிள்ளைகள் முதல் மணி அடித்த பிறகுதான் பள்ளிக்குப் போய்ச்சேர்ந்தார்கள்.